அயல்நாட்டு மாணவர்களுடன் கரூரில் ஒரு நாள்: முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு வெளிநாட்டு மாணவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களை ஒரு நாள் பழைமையான ஊர் ஒன்றுக்கு அழைத்துப் போய்வரும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. கொங்கு நாட்டில் இந்தப் பொறுப்பை ஏற்பவர்கள் முதலில் நினைப்பது தஞ்சாவூரையோ மதுரையையோதான். ஈரோட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் அங்கே போய்த் திரும்பினால் பாதிப் பகல் வண்டியிலேயே கழியும். பெரிய கோபுரத்தின் கீழே களைத்துப்போய் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் திரும்புவார்கள். கரூர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். கோவையிலிருந்து காங்கேயம், வெள்ளகோவில் வழியாகப் போனால் அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு. கொங்கு நாட்டின் எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் இருட்டிச் சிறிது நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கரூரில் பார்த்தவுடன் வாய் பிளக்க வைக்கும் அரண்மனை எதுவும் இல்லை. அந்த ஊரின் பழைமை சிதறிக் கிடக்கிறது. மலைக்குகை ஒன்றில் சில வரிகள், ஆற்று மணலில் கிடைத்த காசுகள், சங்கப் பாட்டு ஒன்றில் ஊரின் பெயர், இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் தறிகள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது. வருபவர்களே அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்படி அந்த நாளை அமைத்துக் கொடுத்துவிட்டால், 'இந்த ஊர் பழைமையானது' என்று யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடங்களின் எண்ணிக்கையைவிட அவற்றைக் காட்டும் வரிசை முக்கியம். கீழே வருவதெல்லாம் அந்த வரிசைக்கான ஏற்பாடுதான்.

நாள் குறிப்பது

முதலில் கிழமையைப் பாருங்கள். தமிழக அரசின் மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை தறிக்கூடங்களில் வேலை நடக்காது. ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் சனி தவிர்த்த சனிக்கிழமைகளும் ஏற்றவையே. எந்த நாளாக இருந்தாலும் அருங்காட்சியகத்துக்கு முந்தைய நாள் தொலைபேசியில் பேசி, திறந்திருக்கும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது வெயில். கோடையில் தமிழ்நாட்டின் மிக அதிக வெப்பநிலை பதிவாகும் இடங்களின் பட்டியலில் கரூர் பரமத்தியின் பெயரை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் பாறை மேல் பிள்ளைகளை ஏற்றுவது ஆபத்து. குளிர்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மார்ச் மாத நடுப்பகலே தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் படிகளும் பாறையும் வழுக்கும். மார்கழி நடுவிலிருந்து மாசி நடு வரையிலான நாட்கள்தான் இந்தப் பயணத்துக்கு மிக ஏற்றவை. வைகாசியில் கரூர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் கோயில் முன் நட்டு வைத்த கம்பத்தை அமராவதி ஆற்றுக்குக் கொண்டுபோகும் நாளன்று ஊரே திரண்டு நிற்கும். திருவிழாவைக் காட்டுவதற்கென்றே போனால் அருமையான நாள். இந்த வழிகாட்டியில் சொல்லும் பயணத்துக்கு அது ஒத்து வராது.

ஆட்களும் தாள்களும்

விருந்தினர்கள் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். குகை முன்பு அதற்கு மேல் உட்கார இடமும் நிழலும் கிடைப்பது கடினம். ஒவ்வொரு விருந்தினருக்கும் நம் மாணவர் ஒருவரைத் துணையாக வையுங்கள். இந்த ஏற்பாட்டை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆசிரியர் ஒருவர் முன்னால் நின்று விளக்கம் சொல்ல, எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போவது சுற்றுலா. இரண்டு இளையவர்கள் அருகருகே நின்று ஒரு கல்லைப் பார்த்து வாதாடினால்தான் அதற்குப் பரிமாற்றம் என்று பெயர். நம் பிள்ளைகளில் பலர் கரூர் பேருந்து நிலையத்தைத் தாண்டி அந்த ஊரில் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அது முதல் நாள்தான்.

கல்லூரி முதல்வரின் கடிதம் இரண்டு படிகள் கையில் இருக்கட்டும். ஒன்று அருங்காட்சியகத்துக்கு, மற்றொன்று தறிக்கூடத்துக்கு. விருந்தினர்களின் பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அசல் அவர்களிடம் பத்திரமாக இருக்கட்டும், மலைக்குக் கொண்டுவர வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு விருந்தோம்பும் குடும்பத்தின் சம்மதத்தோடு, பரிமாற்றத் திட்டத்தை நடத்துபவர்களின் எழுத்துபூர்வ அனுமதியும் தேவை. ஒரு தனித் தாளில் ஒவ்வொருவரின் இரத்த வகை, ஒவ்வாமை, அன்றாடம் எடுக்கும் மருந்து, விருந்தோம்பும் வீட்டின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள்.

ஒவ்வாமை என்ற கட்டத்தை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். நம் பக்கத்துச் சமையலில் கடலை எண்ணெய் எல்லா இடத்திலும் இருக்கிறது. தாளிப்பு, சட்னி, பொடி, தின்பண்டம் எதிலும் நிலக்கடலை கலந்திருக்கலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலருக்கு நிலக்கடலை ஒரு துளி பட்டாலும் மூச்சு அடைக்கும். அத்தகையவர் குழுவில் இருந்தால், அன்றைய உணவு முழுவதையும் விருந்தோம்பும் வீட்டிலிருந்தே கட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவருடைய அவசர ஊசி எந்தப் பையில் இருக்கிறது என்பது அவருடைய துணை மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் முன்பு ஒரு மாலைப்பொழுது

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு எல்லோரையும் ஒன்றரை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வையுங்கள். வரலாற்றுப் பாடம் எடுப்பதற்காக அல்ல. தமிழி எழுத்து அட்டவணை ஒன்றை அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். தமிழ்-பிராமி என்று நூல்களில் படித்திருப்பீர்களே, அதுதான் தமிழி. நேர்க்கோடுகளும் வளைவுகளுமாக, கையால் எழுதுவதற்கு எளிதான எழுத்து. கூட்டல் குறி மாதிரி இருப்பது 'க'. ஒவ்வொருவரும் தம் பெயரைத் தமிழியிலும் இன்றைய தமிழ் எழுத்திலும் எழுதிப் பார்க்கட்டும். துணை மாணவர்களுக்கும் இது புதிது என்பதால் இருவரும் சேர்ந்துதான் திணறுவார்கள். அதன் பிறகு ஆசிரியர், மாணவர் என்ற வேறுபாடு இருக்காது. அந்த அட்டையைப் பயண நாளன்று மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உடை பற்றியும் அன்றே பேசிவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடை, தொப்பி, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணி, கோயில் கல்தளத்துக்கு ஒரு ஜோடிக் காலுறை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு பிராகாரத்தில் நடப்பது நமக்கே சுடும்.

கோயில் விஷயத்தையும் அன்றைக்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பல கோயில்களில் இந்து அல்லாதவர்களுக்குக் கொடிமரம் வரைதான் அனுமதி. கோயில் அலுவலகத்தில் முன்பே விசாரித்து, 'இதுவரை போகலாம், இதற்கு மேல் போக முடியாது' என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். முன்பே தெரிந்தால் அவர்கள் அதை ஓர் ஊரின் வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். வாசலில் கையை நீட்டி நிறுத்தினால் அவமானமாக உணர்வார்கள், அந்த நாள் முழுவதும் அது மனத்தில் நிற்கும்.

காலை ஆறரை: புறப்பாடு

பதினைந்து விருந்தினர், பதினைந்து துணை மாணவர், ஆசிரியர்கள் மூவர் என்றால் இருபது பேர் உட்காரும் வேன் இரண்டு வேண்டும். ஆசிரியர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஓட்டுநரிடம் முந்தைய நாளே ஐந்து இடங்களின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். முதலுதவிப் பெட்டி, வாந்திக்குக் காகிதப் பைகள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், கூடுதல் தண்ணீர்க் கேன் ஆகியவற்றை வண்டியில் ஏற்றிவிடுங்கள். அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ், 112 என்ற இரண்டு எண்களையும் விருந்தினர்களின் செல்பேசியில் பதிய வையுங்கள்.

ஈரோட்டிலிருந்து புறப்படுபவர்கள் கொடுமுடி, நொய்யல் வழியாக வருவார்கள். கொடுமுடியில் இறங்கிக் காவிரியையும் மகுடேசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டுப் போகலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம். கொடுமுடி தனியாக ஒரு நாள் பார்க்க வேண்டிய ஊர். அங்கே முக்கால் மணி நேரம் போனால் மலையேற்றம் வெயிலில் மாட்டிக்கொள்ளும். காலைச் சிற்றுண்டியை வீட்டிலேயே முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

நொய்யல் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது வண்டியிலேயே இரண்டு நிமிடம் பேசுங்கள். இந்த ஆற்றின் கரையில், சென்னிமலைக்கு அருகே கொடுமணல் இருக்கிறது. மணிக்கற்களை அறுத்துப் பட்டை தீட்டிய பட்டறைகளும் இரும்பு உருக்கிய தடயங்களும் அங்கே அகழாய்வில் கிடைத்தன. மேற்குக் கடற்கரையில் கப்பலில் வந்து இறங்கியவர்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் நுழைந்து, கொடுமணலையும் கரூரையும் தொட்டுக் கிழக்குக் கடற்கரை வரைக்கும் போன வணிகப் பாதை இது. உங்கள் வேன் அந்தப் பாதையின் ஒரு துண்டில்தான் போய்க்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

காலை எட்டேகால்: ஆறுநாட்டார் மலை

கரூர் நகருக்குச் சுமார் 15 கிலோமீட்டர் முன்னால் வேலாயுதம்பாளையம். அங்கே உள்ள மலையை ஆறுநாட்டார் மலை என்றும் புகழிமலை என்றும் சொல்வார்கள். உச்சியில் முருகன் கோயில். படியேறும்போது பக்கவாட்டில் பிரியும் பாதையில் இயற்கையான குகைகளும், அவற்றில் சமணத் துறவிகள் தங்குவதற்காகச் செதுக்கிய கற்படுக்கைகளும் இருக்கின்றன. அந்தக் கற்களில்தான் எழுத்துகள். வழியைக் கேட்டால் கோயிலுக்கு வரும் பெரியவர்கள் காட்டுவார்கள். 'எங்கிருந்து வந்திருக்கறீங்க கண்ணு' என்று விருந்தினர்களை நிறுத்திக் கேட்கவும் செய்வார்கள். அந்தப் பேச்சை அவசரப்படுத்தி வெட்டிவிடாதீர்கள்.

இந்த நாளின் அச்சாணி இந்த இடம். ஒரு மணி நேரமாவது இங்கே இருக்க வேண்டும். போனதும் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். முதல் பத்து நிமிடம் எழுத்து அட்டையைக் கையில் கொடுத்து, தெரிந்த எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். யாராவது 'க' இருக்கிறது என்று கத்துவார்கள். இன்னொருவர் 'ன்' என்பார். கல்லைத் தொடக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எழுத்து படத்தில் தெளிவாக விழ வேண்டும் என்று சிலர் சாக்கட்டியால் தேய்ப்பார்கள். அதைச் செய்யவும் கூடாது, வேறு யாரும் செய்யும்படி விடவும் கூடாது. காலைச் சாய்வெயிலிலோ, பக்கவாட்டில் பிடித்த டார்ச் வெளிச்சத்திலோ எழுத்தின் பள்ளம் தானே தெளியும்.

அதன் பிறகு கல்வெட்டின் செய்தியைத் துணை மாணவர் ஒருவர் சொல்லட்டும். யாற்றூரைச் சேர்ந்த முதிய சமணத் துறவி செங்காயபன் தங்குவதற்காகச் செய்து கொடுத்த படுக்கை இது. கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. அந்த இளங்கடுங்கோ இளவரசனான சமயத்தில் அறுத்த கல். தாத்தா, அப்பா, பேரன் என்று சேர மரபின் மூன்று தலைமுறைகள் ஒரே கல்வெட்டில் வரிசையாக நிற்கின்றன. கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் கணிக்கும் எழுத்துகள் இவை. சங்கப் பாடல்களில் படிக்கும் சேரர் குடிப்பெயர்களைக் கல்லில் பார்க்கும் வாய்ப்பு மிக அரிது. பாலைத்திணையில் பெயர் பெற்ற புலவரான சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவை இந்தப் பெருங்கடுங்கோனோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்களும் உண்டு.

இத்தோடு நிறுத்திவிட்டால் இது அரசர் கதையாகவே முடிந்துவிடும். அதே மலையில் மற்றொரு கல்வெட்டு இருக்கிறது. கருவூரை, அதாவது இன்றைய கரூரைச் சேர்ந்த பொன் வாணிகன் நத்தி என்பவன் கொடுத்த இருக்கை என்று அது சொல்கிறது. எனக்கு மூன்று தலைமுறை அரசர்களைவிட இந்தப் பொன் வாணிகன்மீதுதான் அதிகப் பிரியம். அரசன் கொடுத்த மலையிலேயே ஒரு வணிகனும் தன் பெயரில் தானம் கொடுத்திருக்கிறான். தன் ஊர் கருவூர் என்றும் தன் தொழில் பொன் என்றும் பதித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவனுடைய பொன் எங்கிருந்து வந்திருக்கும், யாரிடம் விற்றிருப்பான் என்ற கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் கீழே இறங்குங்கள். மீதி நாள் முழுவதும் அந்தக் கேள்விதான் கூட வர வேண்டும்.

உச்சிக்கு ஏற விரும்புபவர்கள் ஏறட்டும். மற்றவர்கள் நிழலில் உட்காரலாம். பத்து மணிக்கு எல்லோரும் வண்டியில் இருக்க வேண்டும்.

காலை பத்தரை: பசுபதீசுவரர் கோயில்

கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலைதான் திறக்கும் என்பதால் அருங்காட்சியகத்துக்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. கருவூர் ஆனிலை என்று தேவாரத்தில் பாடப்பட்ட தலம். கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழில் ஒன்று. காமதேனு வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. அம்மன் சன்னதிகள் இரண்டு, அலங்காரவல்லிக்கு ஒன்றும் சௌந்தரநாயகிக்கு ஒன்றும். திருவிசைப்பா பாடிய கருவூர்த் தேவருக்கும் இங்கே சன்னதி உண்டு. இந்த ஊரில் பிறந்தவராகச் சொல்லப்படும் அவர் தஞ்சைப் பெரிய கோயிலையும் பாடியிருக்கிறார்.

தூண்களைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். கருவறைப் பக்கம் படம் எடுக்கக் கூடாது. வழிபட வந்தவர்களின் முகத்துக்கு நேரே செல்பேசியை நீட்டக் கூடாது. உள்ளே போக அனுமதி இல்லாதவர்களைத் தனியாக நிற்க வைத்துவிட்டு மற்றவர்கள் எல்லோரும் உள்ளே போய்விடாதீர்கள். அவர்களுடைய துணை மாணவர்களும் அவர்களோடு வெளியிலேயே இருக்கட்டும். எறிபத்த நாயனாரும் புகழ்ச்சோழரும் யானையும் வரும் பெரிய புராணக் கதை இந்த ஊரில் நடந்ததாகத்தான் சொல்லப்படுகிறது. வெளியில் உட்கார்ந்து சொல்வதற்கு அதைவிட நல்ல கதை கிடையாது.

மதியம்: சாப்பாடும் ஓய்வும்

பன்னிரண்டரைக்கு வாழை இலைச் சாப்பாடு. முப்பது பேருக்கு மேல் போவதால் முந்தைய நாளே உணவகத்தில் சொல்லி வையுங்கள். சைவ உணவகமாக இருந்தால் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். காரத்தைக் குறைக்கச் சொல்வதைவிட, தயிரும் அப்பளமும் நிறைய வைக்கச் சொல்வது பலன் தரும். பால் பொருளே சாப்பிடாதவர்கள் வரலாம். அவர்களுக்கு நெய், தயிர், மோர் எதில் எல்லாம் இருக்கிறது என்று துணை மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். கையால் சாப்பிட வற்புறுத்தவும் வேண்டாம், கரண்டியைத் தேடி ஓடவும் வேண்டாம். கேட்டால் கொடுங்கள்.

உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சமையலைப் பார்ப்பதற்கு முன்னால் கழிப்பறையைப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, குப்பைக் கூடை இருக்கிறதா என்று ஓர் ஆசிரியை நேரில் பார்த்துவிட்டு வந்தால் பெண் பிள்ளைகளின் பாதிக் கவலை தீரும். மலையடிவாரத்திலும் ஆற்றங்கரையிலும் வசதி இல்லை என்றே வைத்துக்கொண்டு, எங்கே எத்தனை மணிக்கு நிற்போம் என்பதைக் காலையிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. மாலையில் மயங்கி விழுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

இரண்டு மணி: அரசு அருங்காட்சியகம்

எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். இருவருக்கு ஒரு பொருள். இருபது நிமிடம் அதன் முன்னால் நின்று, மூன்று நிமிடத்தில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். என்னென்ன பொருள்கள் காட்சியில் இருக்கின்றன என்று அருங்காட்சியகக் காப்பாளரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் பங்கிட்டுக் கொடுக்க எளிது.

காலையில் விட்டுவந்த கேள்விக்குப் பதில் தேட வேண்டிய இடம் இதுதான். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. சேரர் காசுகளும் அதே படுகையில் கிடைத்திருக்கின்றன. 'மாக்கோதை' என்று பெயர் பொறித்து, அரசனின் தலையைப் பக்கவாட்டுத் தோற்றத்தில் காட்டும் வெள்ளிக்காசு அவற்றில் ஒன்று. அரசனின் முகத்தைக் காசில் அடிக்கும் வழக்கம் ரோமானியக் காசுகளைப் பார்த்து வந்திருக்க வேண்டும் என்று நாணயவியலாளர்கள் கருதுகிறார்கள். கிரேக்கப் புவியியலாளர் தாலமி, கேரோபோத்ரனின், அதாவது சேர அரசனின், தலைநகரமாகக் கரோரா என்ற உள்நாட்டு நகரத்தைக் குறித்திருக்கிறார். காசுகளின் படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோங்கள். குறிப்பிட்ட ஒரு காசு அன்று காட்சியில் இல்லாவிட்டாலும் பேச்சு தடைபடாது. ஐரோப்பாவிலிருந்து வந்த மாணவர் ஒருவர், தம் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த பேரரசரின் முகம் நம் ஆற்று மணலில் கிடைத்தது என்று அறியும்போது அவர் கேட்கும் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கி வையுங்கள்.

மூன்றேகால்: தறிக்கூடம்

பழைய வணிக நகரத்தைப் பார்த்தவர்கள் இன்றைய வணிக நகரத்தையும் பார்க்க வேண்டும். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துணி என்று வீட்டு ஜவுளி கரூரிலிருந்து பல நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. கொசுவலையும் பஸ் கூண்டு கட்டும் தொழிலும்கூட இந்த ஊரின் அடையாளங்கள். விருந்தினர்களின் வீட்டுச் சமையலறையில் தொங்கும் துணியே இங்கே நெய்ததாக இருக்கலாம்.

பெரிய ஏற்றுமதி நிறுவனத்தைவிடச் சிறிய தறிக்கூடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாவு ஓட்டுவது, நாடா ஓடுவது, நூல் அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவது எல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் நடக்கும். ஒரு வாரம் முன்பே உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, பத்துப் பத்துப் பேராக உள்ளே விடுங்கள். விசைத்தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. உள்ளே பார்ப்பது, வெளியில் வந்து கேட்பது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், கழுத்தில் மாட்டிய கேமரா வார் எதுவும் கூடாது. வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கூலி, வேலை நேரம் பற்றி விருந்தினர்கள் கேட்டால் மழுப்ப வேண்டாம். நெசவாளி பதில் சொல்ல விரும்பினால், துணை மாணவர் எதையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்க்கட்டும்.

மாலை நாலரை: அமராவதி

கடைசி இடம் ஆறு. இதன் பழைய பெயர் ஆன்பொருநை. அகநானூற்றின் 93ஆம் பாட்டில் நக்கீரர், கோதை என்னும் சேரனின் கருவூர்த் துறையில் ஆன்பொருநை குவித்த மணலை, எண்ணிக்கைக்கு அடங்காத ஒன்றாகச் சொல்கிறார். பாட்டின் அந்தக் கடைசி நான்கு அடிகளைத் துணை மாணவர் ஒருவர் கரையில் நின்று உரக்கப் படிக்கட்டும். பொருள் புரியாதவர்களுக்கும் கருவூர், கோதை என்ற இரண்டு சொற்கள் காதில் விழும். ஒன்றைக் காலையில் கல்லிலும் மற்றொன்றை மதியம் காசிலும் பார்த்தவர்கள் அவர்கள்.

அங்கே கட்டாயம் ஒரு கேள்வி வரும்: தண்ணீர் எங்கே? ஆண்டின் பல மாதங்களில் ஆறு வற்றித்தான் கிடக்கும். உடுமலைப்பேட்டைப் பக்கம் அணை கட்டித் தண்ணீர் பாசனத்துக்குப் போகிறது என்பதையும், மணல் அள்ளியதையும், சாயக்கழிவு இந்த ஆற்றுக்குச் செய்த கேட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். சற்று முன் வியந்து பார்த்த துணிகளின் வண்ணத்துக்கும் இந்த ஆற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். என் அனுபவத்தில், விருந்தினர்கள் தம் ஊர் ஆற்றைப் பற்றிப் பேசத் தொடங்குவது இந்த இடத்தில்தான். தண்ணீர் ஓடும் காலமாக இருந்தால் யாரையும் இறங்க விடாதீர்கள். கரையிலிருந்தோ பாலத்திலிருந்தோ பார்த்தால் போதும்.

ஐந்தேகாலுக்கு ஊருக்குள் வந்து கரம் சாப்பிடலாம். பொரி, துருவிய காய், சட்னிகள், நிலக்கடலை எல்லாம் சேர்த்துக் குலுக்கிக் கொடுக்கும் கரூர்த் தின்பண்டம் அது. ஒவ்வாமை உள்ளவர் அந்தக் கடை பக்கமே வர வேண்டாம். மற்றவர்களுக்குக் காரம் குறைவாகப் போடச் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில்

ஆறு மணிக்கு முன் புறப்பட்டால் ஏழரை, எட்டு மணிக்கு ஈரோடு. வண்டியில் பாட்டுப் போடுவதற்கு முன் ஒரு வாதத்தைக் கிளப்பிவிடுங்கள். சேரர் தலைநகரான வஞ்சி எது? கரூர்தான் என்று ஒரு சாராரும், கேரளக் கடற்கரையில் கொடுங்கல்லூரை ஒட்டியது என்று மற்றொரு சாராரும் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். வண்டியின் இடப்பக்கத்தாருக்குக் கரூர், வலப்பக்கத்தாருக்குக் கொடுங்கல்லூர். அன்று பார்த்த கல், காசு, பாட்டு ஆகியவற்றை மட்டுமே சான்றாகக் கொண்டு பேச வேண்டும். நம் ஊர்ப் பற்றில் நீங்கள் கரூர்ப் பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. சான்று எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே இடைவெளி இருக்கிறது என்பதை அவர்களே சொல்லட்டும்.

ஒவ்வொருவரையும் விருந்தோம்பும் வீட்டில் ஒப்படைத்துவிட்டு, பெயர்ப் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் இறக்கிவிட்டதோடு போய்விடாமல், வீட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்து அழைத்துக்கொள்ளும் வரை வண்டி நிற்க வேண்டும்.

அந்த வாரமே செய்ய வேண்டியவை

செலவுக் கணக்கை எல்லோருக்கும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். வேன் வாடகை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம், தண்ணீர் எல்லாவற்றையும் விருந்தினரும் துணை மாணவரும் சமமாகப் பகிர்ந்துகொள்வது நல்லது. கட்ட முடியாத நம் பிள்ளைகள் இருந்தால் கல்லூரி நிதியிலிருந்து கொடுத்துவிடுங்கள், பெயர் வெளியே வர வேண்டாம்.

தறிக்கூடத்தில் எடுத்த படங்களில் நல்லவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு, அங்கே வேலை செய்பவர்களுக்கு அனுப்பி வையுங்கள். அருங்காட்சியகக் காப்பாளருக்கு, மாணவர்கள் எந்தப் பொருளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதுங்கள். அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பு வேறு ஒருவரிடம் போகும். எந்த உணவகம், எந்த ஓட்டுநர், கோயில் அலுவலகத்தில் யாரிடம் பேச வேண்டும், குகைப் பாதை எந்தப் படியில் பிரிகிறது என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்குள் எழுதி அந்தக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.